எண்ணாயிரம் சுற்று

ஹீலோவில் மழை பெய்தது என்று எழுதுவது வீண்.
பெய்யாத நாளைத்தான் குறித்து வைக்க வேண்டும்.
அப்படி ஒரு நாளில்
பல் டாக்டர் ஃபுசாயே தொலைபேசியில் அழைத்து
"டுவார்ட்டே, வா, எல்லாவற்றையும் வெளியே எடுத்து வைக்கிறேன்" என்றாள்.

எல்லாம் என்றால் பதினோரு கிட்டார்.
அத்தனையும் நான் இழைத்தவை.
மடியில் படுக்கவைத்து
இரும்புத் துண்டை நரம்புமேல் வழுக்கி வாசிப்பவை.
தீவின் கோவா மரம்,
முப்பதுகளில் வந்ததைப் போலவே இரண்டு லாடக் காந்தம்,
ஒற்றைப் பிளவுத் திருகாணி.
நட்சத்திரத் தலை ஒன்று கண்ணில் பட்டால் போதும்,
சேகரிப்பவர்களுக்குச் சோற்றில் கல் கடித்த முகம்.
புது நிக்கல் பளபளக்கக் கூடாது என்று
மூடிய வாளிக்குள் வினிகர் ஆவியில் மூன்று இரவு தொங்கவிடுவேன்.
பொய்யா என்றால் பொய்தான்.
உள்ளே பென்சிலில் உண்மையான தேதியை எழுதிவிடுவேன்.

ஆண்டுக்கு ஒன்று வாங்கியிருந்தாள்.
ஏலத்துக்கு வந்த சூரை மீன்களைப் போலத்
தரையில் வரிசையாகக் கிடந்தன.
முதலாவதை எடுத்தாள். ஒரே ஆம்ப், ஒரே ஒலியளவு,
நான்கே சுரம்.
இரண்டாவது. மூன்றாவது.
பதினொன்றும் முடிந்தபோது எனக்குப் பெருமை தாங்கவில்லை.
இத்தனை ஆண்டும் ஒரே குரல்.
அதை வாய்விட்டுச் சொல்லவும் செய்தேன்.

அவள் இரும்புத் துண்டைக் கீழே வைத்தாள்.
பல்லைப் பிடுங்கியாக வேண்டும் என்று சொல்லும் முன்
அவள் குரல் இப்படித்தான் ஆகும் போல.
"ஐந்தாவதிலிருந்து காது கூசுகிறது, பல் கூசுமே, அப்படி.
ஒன்பதாவதை எடுத்தால் நாய் எழுந்து போய்விடும்.
வேண்டுமென்றே செய்கிறாய் என்றல்லவா நினைத்தேன்."

வீட்டுக்கு வந்து நோட்டைத் திறந்தேன்.
தலைமயிரைவிட மெல்லிய செப்புக் கம்பி,
எதற்கு எத்தனை சுற்று என்று
என் கையெழுத்திலேயே இருக்கிறது.
எண்ணாயிரம்.
ஏழாயிரத்து எழுநூறு.
ஏழாயிரத்து நூறு.
சுற்று குறையக் குறைய ஒலி கூராகும்,
எனக்குத் தெரியாதா?
சர்க்கரை ஆலையின் இரைச்சலில் இருபத்திரண்டு வருஷம்
எரிந்துபோன மோட்டாருக்குக் கம்பி சுற்றியவன் நான்.
போன வருஷத்தது ஐயாயிரத்து இருநூறு.
ஒவ்வொரு முறையும் மந்தமாய் இருக்கிறதே என்று
நூறு நூறாக அவிழ்த்திருக்கிறேன்,
மந்தமானது எது என்று கேட்காமல்.

மருத்துவமனைக்குப் போனால் ஒரு வரைபடம் தருவார்கள்,
வலப்பக்கம் சரிகிற கோடு.
எனக்கு அது வேண்டியதில்லை.
என் செவிட்டை நானே இழைத்து, மெருகிட்டு,
வருஷத்துக்கு ஒன்றாக விற்றிருக்கிறேன்.
அவளிடம் ரசீதுகூட இருக்கிறது.

பன்னிரண்டாவதற்கு எண்ணாயிரம் சுற்றினேன்,
காதை நம்பாமல் எண்ணும் பொறியை நம்பி.
மீட்டினால்
ஈரப் போர்வைக்குள்ளிருந்து யாரோ முனகுகிறார்கள்.
கை தானாகக் கம்பி நுனியைத் தேடியது,
ஒரு முந்நூறு, முந்நூறு மட்டும்.
மெழுகை ஊற்றி மூடிவிட்டேன்.
ஃபுசாயே வாசித்தாள். ஒன்றும் சொல்லாமல் திரும்ப வாசித்தாள்.
காசோலை எழுதினாள்.
பழையவற்றுக்கும் மறுபடி சுற்றித் தரட்டுமா என்றேன்.
"தா. ஒன்பதாவதை மட்டும் தொடாதே."
காரணம் சொல்லவில்லை.

இரவு தகரக் கூரையின் கீழ் உட்கார்ந்திருந்தேன்.
கோக்கீ தவளைகள்,
எங்கிருந்தோ செடித் தொட்டியில் ஒளிந்து வந்து
தீவின் தூக்கத்தைக் கெடுப்பவை,
தம் பெயரையே விடிய விடியக் கத்துபவை.
மருந்தடித்துப் பாதிக்குமேல் ஒழித்துவிட்டார்கள் என்று
சில வருஷமாகக் கடையில் எல்லோரிடமும் சொல்லிவந்தேன்.
ஒருவரும் மறுத்ததில்லை. மரியாதை.
இப்போது கூர்ந்து கேட்கிறேன்.
கோ என்கிறது ஒன்று.
பிறகு ஓர் இடைவெளி.
வேலிக்கு அப்பால் இன்னொன்று, கோ.
அந்த இடைவெளியில்தான்
மிச்சப் பெயர் இருக்க வேண்டும்.