வெள்ளி எடுப்பதில்லை

சித்தாலேப டப்பாவைத் திறந்து
கண்ணாடி மேசையில் கவிழ்த்தாள்
கோமாரியிலிருந்து முதல் பஸ்ஸில் வந்த இன்பவதி.
இரண்டு காசுகள்.
ராசாக்கள் இருவர் மேலும் தைல வாசம்.

"கக்கூசுக் குழி வெட்டக்குள்ள வந்த.
ரெண்டும் ஒண்டோட ஒண்டு ஒட்டிக் கிடந்த.
எவ்வளவுக்குப் போகும் தம்பி?"

அக்கரைப்பற்றுப் பிரதான வீதியில்
அடகுக் கடைக்கு ஏசி உண்டு,
எனக்குக் கழுத்துப்பட்டி உண்டு.
ஒலுவிலில் நாலு வருடம் வரலாறு படித்தேன்.
ஐந்தாம் வருடத்திலிருந்து தோடு நிறுக்கிறேன்.

ஒன்றை வைத்தேன். மூன்று தசம் எட்டு பூச்சியம்.
மற்றதை வைத்தேன். மூன்று தசம் எட்டு ஐந்து.
ரோமுக்கும் பார்த்தியாவுக்கும் நடுவே
இரண்டு நெல்மணிப் பாரம்.
அதற்காகவா அத்தனை குதிரை?

உரைகல்லில் இழுத்தேன்.
இரண்டு கோடு, ஒரே சாம்பல்.
தொலைபேசி அடித்து நிமிர்ந்து, திரும்பக் குனிந்தபோது
எது எவனுடைய கோடு என்று
எனக்கே தெரியவில்லை.

லென்ஸைக் கண்ணில் செருகினேன்.
பார்த்தியன் காசில் ஒருவன் ஆசனத்தில் இருந்து
கையிலுள்ள வில்லைப் பார்க்கிறான்,
எய்யப் போகிறவன் போலில்லை,
விற்கலாமா என்று யோசிப்பவன் போல.
நாலு பக்கமும் அவனுக்கு எழுத்தால் வேலி:
அரசர்க்கரசன், நீதிமான், கொடையாளி, கிரேக்கரின் நண்பன்.
நம்மூர்த் தேர்தல் நோட்டீசில்
இவ்வளவும் அடிக்க இடம் காணாது.

ரோமன் காசில்
காற்சட்டைக்காரன் ஒருவன், ஒற்றை முழங்காலில்.
பறித்த கொடியை நீட்டுகிறான்.

"இவர் என்னத்துக்கு முட்டுக்கால்ல நிக்கிறார்?"

சொன்னேன்.
வெயில் காயும் ஒரு சமவெளியில்
ரோமரை வெட்டிச் சாய்த்துக் கொடிகளைப் பறித்தார்கள் பார்த்தியர்.
முப்பது வருடம் கழித்துத் திருப்பிக் கொடுத்தார்கள்.
சண்டை இல்லை அக்கா, பேச்சுவார்த்தை.
தூதர் போனார்கள், தூதர் வந்தார்கள்,
பிடிபட்டிருந்த ஒரு மகனும் வீடு போனான்.
ஒருவரும் முழங்காலிடவில்லை.
காசடித்த பட்டறையில்தான் அவனை மண்டியிட வைத்தார்கள்.

"அப்ப இது பொய்யா?"

வெள்ளி நல்ல வெள்ளி, என்றேன்.

ஏசி சொட்டியது.
யாருக்கோ பாக்கிக் கணக்குச் சொல்வது போலச் சொன்னாள்:
"எங்கட பள்ளிக்கூட வளவுக்க
ரெண்டு பகல் வெச்சிருந்தாங்க, ஊர் ஆம்பிளையள் எல்லாரையும்.
என்ட மனிசனுக்கு வலது முட்டில பழைய நோ.
இவரப் போலத்தான், ஒரு பக்கம் சரிஞ்சு.
மறுகா லொறியில ஏத்தின.
அதுக்கு ஒருத்தரும் காசடிக்கல்ல."

சட்டப்படி நான் சொல்ல வேண்டியது ஒன்றிருந்தது.
தொல்பொருள் கந்தோரில் ஒப்படைக்க வேணும் அக்கா.

"குடுத்தா வளவுக்க பலகை நடுவாங்களா?"

நடலாம்.

"அப்ப என்ட குழி?"

கல்குலேட்டரைத் துடைத்தேன்.
துடைத்த இடத்தையே இன்னொரு தரம் துடைத்தேன்.
பட்டத்தில் இல்லாத, இங்கே வந்து பாடமாக்கிய
ஒரே வாக்கியம் வாயில் வந்தது:
"வெள்ளி எடுப்பதில்லை அக்கா, முதலாளி ஓடர்."

அவள் கோபிக்கவில்லை.
தோட்டைக் கழற்றினாள். இடது காதுச் சுரை இறுகிக் கிடந்தது,
கழுத்தைச் சாய்த்துக்கொண்டு நெடுநேரம் திருகினாள்.
ஒன்று தசம் ஒன்பது கிராம்.
பற்றுச்சீட்டில் எழுதினேன்:
தோடு ஒரு சோடி, கல் ஒன்று குறைவு.

காசுகளை அள்ளினாள்.
முதலில் வில்லுக்காரன், அவன் மேலே முழங்காலிட்டவன்.
தலையிடி மருந்து போல
மூடியை இறுக்கிப் பையில் போட்டுக்கொண்டு
பொத்துவில் பஸ்ஸுக்கு ஓடினாள்.

பின்னேரம் இருப்புப் பார்க்க வந்த முதலாளி
உரைகல்லைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார்.
"இதென்ன ரெண்டு வெள்ளிக் கோடு?
பேரேட்டில் ஒண்டும் இல்லையே?"

துணியை நனைத்தேன்.