இறங்கு ஏலம்

எங்கள் துறைமுகத்தில் மீன் ஏலம் ஏறாது,
இறங்கும்.
நாற்பது என்று தொடங்குவேன்.
முப்பத்தொன்பது, முப்பத்தெட்டு, முப்பத்தேழு,
மூச்சு விட இடமில்லாமல்.
எதிரே நிற்கும் வியாபாரிகளில் எவனாவது
"எனக்கு!" என்று கத்தும்வரை
விலை விழுந்துகொண்டே இருக்கும்.
கலீசியாவின் இந்த ஈரக் கூடத்தில்
பதினோரு வருடமாக
என் தொண்டைக்குத்தான் சம்பளம்.

உஷியோவுக்கு நாலரை வயது.
அம்மா என்று சொன்னதில்லை.
தண்ணீர் வேண்டுமென்றால் என் மணிக்கட்டைப் பிடித்து,
கரண்டியை எடுத்துப் போவதுபோல,
குழாய்வரை கொண்டுபோவான்.
ஆனால் எண்ணுவான்.
நாற்பது, முப்பத்தொன்பது, முப்பத்தெட்டு
என் குரலில், என் இழுவையில்,
முப்பத்திரண்டில் நான் எச்சில் விழுங்கும் இடம்கூடப்
பிசகாமல்.

லூகோவில் முதலில் பார்த்த டாக்டர்
ஒரு மொழி போதும் என்றார்.
வீட்டில் கலீசியம் வேண்டாம், ஸ்பானிஷ் மட்டும்,
பிள்ளை குழம்புகிறான்.
மூன்று மாதம் அப்படியே செய்தோம்.
கிரான் சோல் கடலிலிருந்து போனில் லோயிஸ்
மகனிடம் சுங்க அதிகாரியைப்போல் பேசினார்.
வீடு வாடகை வீடாயிற்று.
அவன் மட்டும் அந்த மூன்று மாதமும்
கலீசியத்திலேயே எண்ணினான்.
நாலாவது மாதம் என் நாக்கு
யாரையும் கேட்காமல் திரும்பி வந்தது.

பிறகு பேச்சுப் பயிற்சிக்கு இரியா வந்தாள்.
படிவத்தில் "எதிரொலி" என்று எழுதினாள்.
தானாகச் சொல்லும் சொற்கள் என்ற கட்டத்தில்
ஒரு சுழி.
எழுதிவிட்டுப் பேனாவை மூடாமல்
கொஞ்ச நேரம் அவனையே பார்த்தாள்.

அவன் எண்ணினால் நாங்கள் கைதட்டுவோம்.
கணக்குப் புலி என்பாள் என் அக்கா.
மூன்று, இரண்டு, ஒன்று,
அப்புறம் குளிர்பெட்டியில் நெற்றியை இடிப்பான்.
கைதட்டலை நிறுத்திவிட்டு ஓடுவோம்.

நவம்பரில் ஓர் இரவு.
கை முழுக்கச் செதில், பாதித் தூக்கம்.
மேசைக்கடியில் அவன் தொடங்கியிருந்தான்.
இருபத்தொன்று, இருபது, பத்தொன்பது
"எனக்கு!" என்றது என் வாய்.

ஏலம் போடுகிறவள் வாங்கக் கூடாது.
பதினோரு வருடத்தில் அந்தச் சொல்லை
ஒருமுறையும் நான் சொன்னதில்லை.

எண்ணிக்கை நின்றது.
குளிர்பெட்டியின் உறுமல் மட்டும் கேட்டது.
வெளியே வந்தான். என் மடியில் உட்கார்ந்தான்,
வாங்கியவன் காலடியில் இறக்கிவைத்த
பெட்டியின் கனத்தோடு.

எத்தனை ஏலம் போட்டிருப்பான் இந்தப் பிள்ளை,
கேட்க ஆளில்லாமல்
எத்தனை முறை சுழிவரை விழுந்திருப்பான்,
நாங்கள் கைதட்டிக்கொண்டிருக்க.

இரியா சுழியை அழிக்கவில்லை.
பக்கத்தில் ஓர் அம்புக்குறி போட்டாள்,
எங்கே போகிறது என்று எழுதாமல்.

மந்திரம் எதுவும் நடக்கவில்லை.
குளிர்காலம் முழுக்க எண்ணினான், நான் வாங்கினேன்.
பன்னிரண்டுக்கு, ஏழுக்கு,
ஒருநாள் களைத்துப்போய் முப்பத்தெட்டுக்கே.
நெற்றியில் வீக்கம் வற்றியது.
தண்ணீருக்கு இன்னமும் மணிக்கட்டுதான்.

மார்ச்சில் ஒரு செவ்வாய், விடிய வெகுநேரம் இருந்தது.
என் ரப்பர் பூட்ஸுக்குள் தொடைவரை இறங்கி
வாசற்கதவில் சாய்ந்து நின்றான்.
படகு வந்தாயிற்று. தொண்ணூறு பெட்டி மத்தி,
பேய்க்கணவாய் தனியாக.
கெஞ்சினேன். மசியவில்லை.
வேறு வழி தெரியாமல் நான் எண்ணத் தொடங்கினேன்.
நாற்பது. முப்பத்தொன்பது.
விழவிட்டான்.
தேர்ந்த வியாபாரி,
என் முகத்தைப் பார்க்கவே இல்லை,
பூட்ஸின் கொக்கியைத்தான் பார்த்தான்.
ஆறு. ஐந்து. நாலு.

"உனக்கு," என்றான்.

ஏலக்கூடத்தில் அந்தச் சொல் கிடையாது.
எவரும் அதை அங்கே கத்தியதில்லை.
தருகிறேன் என்றானா, தனக்கு என்பதைத்தான்
என் பக்கமிருந்து சொன்னானா,
இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.
பூட்ஸை மட்டும் விடவில்லை.

அன்று லோயிஸின் பழைய துணிச் செருப்போடு போனேன்.
ஐஸ் தண்ணீர் விரல்களுக்கிடையே ஏறியது.
"என்ன சபேலா, கோடையா?" என்றான் ஒருவன்.
முதல் பெட்டியைக் காலால் தள்ளிவிட்டு
நாற்பது என்று தொடங்கினேன்.