அல்லது

அகராதியில் அந்தப் பக்கத்தைக் கரையான் தொட்டிருந்தது.
தின்றது போக மிச்சத்தில்
அல்துஸ்: உயர்ந்த.
அதே வரியில், ஓர் அரைப்புள்ளி தள்ளி,
ஆழ்ந்த.

பாளையங்கோட்டைக் குருமடம்.
இருபத்திரண்டு கட்டில், ஒரு விசிறி.
அச்சுப்பிழை என்றுதான் நினைத்தேன்.
கோபுரத்துக்கும் கிணற்றுக்கும் ஒரே சொல்லா,
ரோமாபுரியில் சொல்லுக்கு
அவ்வளவு பஞ்சமா?

பிழை இல்லை.
மலை அல்துஸ். மடு அல்துஸ்.
அசையாத தூக்கம், அரவமில்லாத இரவு,
யாருக்கும் நினைவில்லாத பழங்காலம், எல்லாம் அதுதான்.
கேட்ட கேள்வியை விட்டுவிட்டு
எங்கிருந்தோ கதையை இழுத்து வருகிறவன்
ஆழத்திலிருந்து எடுக்கிறான் என்பார்களாம்.
பக்கத்தில் வேறு சொல் வைக்காமல்
தனியே நிறுத்தினால்
கடல்.
கரையோரத்துக் கடல் இல்லை, அதற்கப்புறம் வருவது.

மூன்றாம் வருடம் அங்கியைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வந்தேன்.
ஏன் வந்தாய் என்றவர்களுக்கெல்லாம்
எங்கிருந்தோ தொடங்கினேன்.
கூத்தங்குழியில் அவ்வளவு நேரம் எவருக்கும் இல்லை.
வலையில் சிக்கெடுக்க ஆள் வேண்டியிருந்தது.

அக்கா புருஷன் தொபியாஸின் வள்ளம்.
முதல் நாள் வாந்தி.
இரண்டாம் நாள் வாந்தி எடுக்க ஒன்றுமில்லை,
ஆனாலும் எடுத்தேன்.
மூன்றாம் நாள் அணியத்தில் உட்கார்த்தி
"பாரு" என்றார்.
நான் தண்ணீரைப் பார்த்தேன்.
அடியில் கிடக்கும் பாரைத் தேடுகிறவன்
வேறெங்கே பார்ப்பான்?

"கரையப் பாருலே."

மயேந்திரகிரியின் தெற்குத் தோள்
கோயில் கோபுரத்துச் சிலுவைக்கு நேர் பின்னால் வரவேண்டும்.
கிழக்கே, மூன்றாவது காற்றாடிக்கும் செல்ஃபோன் டவருக்கும் நடுவே
ஒரு விரல் வானம் விடவேண்டும்.
(டவர் நிற்கும் இடத்தில் முன்பு பனை நின்றது.
பனை விழுந்த அன்றைக்கே
தொபியாஸ் டவரை எடுத்துக்கொண்டார்.
அதுக்கென்ன, அதுவும் உசரந்தானே.)
இரண்டு கோடும் வெட்டும் இடம்தான் கணியம்.
எஞ்சினை அணைத்தார்.
"பதினாறு பாகம். வேணும்னா விட்டுப் பாரு."

ஈயக்குண்டை விட்டேன்.
இரண்டு கையையும் விரித்து, விரித்து,
பலிபீடத்தின் முன்னால் விரிக்கப் பழகிய அதே கை,
பதினைந்து,
பதினாறு.
கல் தட்டியது.
கயிறு வழியே உள்ளங்கைக்கு வந்தது அந்தத் தட்டு.
கரையில் மலை அப்படியே நின்றது,
தான் ஒன்றும் செய்யாததுபோல.

வாய் தவறிச் சொல்லிவிட்டேன்: "அல்துஸ்."

"அல்லதுவா? எதுக்குலே அல்லது?"

சொன்னேன். ரோமாபுரி, அரைப்புள்ளி, கரையான்.
அவர் தூண்டிலில் கணவாய்த் துண்டைக் குத்திக்கொண்டிருந்தார்.
குத்தி முடித்துவிட்டு,
"மேல போனாலும் கீழ போனாலும்
பாகம் பாகந்தானலே" என்றார்.
அன்றைக்குப் பதினோரு பாறை மீன்.
ஒன்று மட்டும் வீட்டுக்கு.

கரையான் தின்றது எது என்று பிற்பாடு
வேறோர் அகராதியில் பார்த்தேன்.
வேரைத் தின்றிருக்கிறது.
ஊட்டு, வளர் என்று ஒரு வினை;
அதிலிருந்து வந்ததாம் அந்த உயர்ந்த, அந்த ஆழ்ந்த.
ஊட்டப்பட்டது என்பதே முதல் பொருள்.
எழுதி வைத்துக்கொள்ளத் தாள் இல்லை.
மறந்தும் போனேன்.

இரவு, மீன் முள்ளை நகத்தால் தடவித் தடவி எடுத்தபடி
அமலோற்பவம் அக்கா வாசலில் நிற்கிறாள்.
இடுப்பில் சின்னவன், வாயை இறுக்கி மூடிக்கொண்டு.
"அந்தா பாரு, டவர் லைட்டு.
செவப்பா எரியுது பாரு, அந்தா, மேல."
அண்ணாந்து பார்க்கிறான்.
வாய் தானாகத் திறக்கிறது,
அடிநாக்கு தெரிய.