நீலப் பிளாஸ்திரி

நவம்பர் கடைசியில் மலைக்குப் பின்னால் போகும் சூரியன்
ஜனவரி இருபத்தைந்து வரை தெருவுக்கு வராது.
ஈசாஃபியோர்தூரில் இதை யாரும் குறையாகச் சொல்வதில்லை.
முகம் பார்க்கக் குளியலறை விளக்கு போதும்.

தீயணைப்புத் தொண்டர்களில் ஒருவனாகச் சேரப் போனேன்.
சுவாச முகமூடியை மாட்டிப் பார்த்த ஊல்ஃபர் சொன்னான்:
"தாடி வழியே கசிகிறது, ஸ்டைன்தோர்.
புகையைப் பழகிக்கொள்,
இல்லையென்றால் மழித்துவிட்டு வா."

ஆறு வருடத் தாடி.
கத்தரிக்கோலுக்கு ஒரு மாலை போதுமாக இருந்தது.
மிச்சத்துக்கு,
யாரோ படகுக்காரரின் சாமான் ஏலத்தில்
ஒரு சுருள் வலையோடு ஒட்டிக்கொண்டு வந்த
மடக்குச் சவரக்கத்தி.
நான் விலை கேட்டது வலைக்கு.

பதினான்கு வருடமாக ஹேடாக் மீன் சீவுகிறேன்.
முள் எங்கே திரும்புகிறது என்று
கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன்.
கத்தியைப் பற்றி
எனக்கு யார் என்ன சொல்லித்தர?

முதல் நாள் தீட்டுகிற தோல்வாரை வெட்டினேன்.
முதுகு முன்னே போக வேண்டும், கூர் பின்னே வர வேண்டும்;
திருப்பத்தில் முதுகின்மேல் புரள வேண்டும்.
நான் கூரின்மேல் புரட்டினேன்.
தோலில் ஒரு வாய் திறந்தது,
சிரிக்கிற மாதிரி.

இரண்டாம் நாள், வலக் கன்னம்.
நுரை. தோலை மேலே இழுத்துப் பிடித்தேன்.
கத்தியைக் கன்னத்தில் படுக்கப் போட்டு
ஒரு துளி நிமிர்த்தினேன்.
அதுவரை சரி.
அப்புறம் கை
தன் பதினான்கு வருடத்தோடு அமுக்கியது.

மீன் ஒன்றும் சொல்லாது.
முகம் உடனே சொல்லிவிடுகிறது.

ஆலையில் பிளாஸ்திரி எல்லாம் நீலம்.
மீன் சதையில் நீலம் இல்லை, விழுந்தால் தெரியும்.
தெரியாமல் போனாலும் உள்ளே மெல்லிய தகடு உண்டு,
பட்டையின் முனையில் கருவி கத்தும்.
மேற்பார்வைக்காரி தோர்கட்லா என் தாடையில்
ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணி,
காதடியில் நான்காவதையும் கண்டுபிடித்தாள்.
"பெட்டி மடிக்கப் போ.
காசு கொடுக்கிறவர்கள் கேட்டது ஹேடாக்."

ஒரு வாரம் பெட்டி மடித்தேன்.
அட்டை எனக்கு மென்மையைக் கற்றுத்தந்தது
என்று சொல்ல ஆசைதான்.
அட்டை ஒன்றும் கற்றுத்தரவில்லை.
விரல்தான் கிழிந்தது. அதற்கும் நீலம்.

வலக் கன்னத்தில் படிகாரம் எரிய எரிய
இடக் கன்னத்துக்கு வந்தேன்.
வலக்கை குறுக்கே போனால் மூக்கு மறைக்கிறது,
முழங்கை கண்ணாடியை இடிக்கிறது.
சரி என்று இடக்கையில் கொடுத்தேன்.

வாழ்நாளெல்லாம் மீனைப் பிடித்து மட்டுமே கொடுத்த கை.
வெட்டியதில்லை. கத்தியின் எடைகூட அதற்குப் புதிது.
நடுங்கியது.
பயத்தில் அமுக்க மறந்துவிட்டது.

அப்போதுதான் கேட்டேன் அந்தச் சத்தத்தை:
ஈரமில்லாத உப்பை
விரலிடுக்கில் தேய்ப்பதுபோல.
காதிலிருந்து தாடைவரை சிறு சிறு இழுப்பாக,
எடையே இல்லாமல்.
கழுவித் துடைத்துத் தடவிப் பார்த்தேன்.
இடக் கன்னம் வழுக்கியது.

வலக்கைக்கு இதை எப்படிச் சொல்வது?
அது நல்ல கை. கெட்டிக்காரக் கை.
அதன் சம்பளத்தில்தான்
இந்த வீட்டின் சூடும் வெளிச்சமும்.
பல நாள் இடக்கை மழிப்பதைச்
சும்மா பார்த்துக்கொண்டிருக்க வைத்தேன்.
கோபித்துக்கொண்டதோ என்னவோ,
ஜனவரியில் ஒரு காலை
தானும் மெதுவாகப் பிடித்தது.

ஊல்ஃபர் முகமூடியை மறுபடி மாட்டினான்.
அளவுமானியின் முள் அசையவில்லை.
"எவ்வளவு சின்ன முகம் உனக்கு!" என்றான்.

இருபத்தைந்தாம் தேதி எல்லோரும்
பான்கேக்கும் காபியுமாக வெளியே நின்றோம்.
மேகம் விலகி, மலை விளிம்பில்
சில நிமிடம் எட்டிப் பார்த்தது.
அவர்களுக்கு அது இரண்டு மாதத்து வெயில்.
என் தாடைக்கு ஆறு வருடத்து வெயில்.
சூடாக இருக்கும் என்று நினைத்தேன்,
குளிர்ந்தது.

மோவாய்க் குழியில் மட்டும்
இன்னும் ஒன்று ஒட்டியிருந்தது.
தோர்கட்லா தூரத்திலிருந்தே பார்த்துவிட்டாள்.
அதற்குத்தானே அது நீலம்.