நான்காம் வரி

மூன்றாவது சாரத்தட்டில் காற்று அதிகம்.
தலைக்கவசத்தின் நாடாவை இறுக்கி
பஞ்சும் காய்ச்சி வடித்த நீரும் எடுத்து ஏறுகிறேன்.
கீழே ஃபோரத்தில்
மடக்கிய குடையை உயர்த்திய வழிகாட்டியின் பின்னால்
ஒரு கூட்டம் அண்ணாந்து நிற்கிறது.
அவர்களுக்குத் தெரிவது வாயில் மூன்று, தூண் எட்டு,
வளைவின் தோளில் சிறகு விரித்த வெற்றி தேவதைகள்,
தூணடியில் கட்டுண்ட பார்த்தியக் கைதிகள்.
எனக்குத் தெரிவது துளைகள்.

கடல் கடந்து வந்த தீவுப் பளிங்கில்
வெண்கல எழுத்துகள் இருந்த துளைகள்.
எழுத்துக்கு இரண்டோ மூன்றோ,
முளை இறக்கி ஈயம் ஊற்றிய இடம்.
வெண்கலத்தை யாரோ பெயர்த்துப் போய் நூற்றாண்டுகள் ஆயின.
பானையாயிற்றோ, மணியாயிற்றோ, பீரங்கியாயிற்றோ.

மேல் மூன்று வரிகள் ஒழுங்கு.
தகப்பனின் பட்டங்கள், மூத்தவனின் பட்டங்கள்,
வாகை சூடிய நாடுகளின் பெயர்கள்.
நான்காவதில் கல் உள்வாங்கியிருக்கிறது,
நகக்கண் ஆழம்.
செதுக்கித் தேய்த்த பள்ளம் அது.
அங்கே துளைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கின்றன,
ஒரே நாற்காலிக்கு இருவர் முண்டியதுபோல.

இளையவன் பெயர் இருந்த இடம்.
தாயின் மடியிலேயே வெட்டினார்கள் என்பார்கள்.
பிறகு ஆணை வந்தது,
நாணயத்தில் கூடாது, சுவரில் கூடாது, கல்லில் கூடாது.
மூத்தவன் ஒரு சொல் கூடுதலாகவே கொடுத்தான்:
'மிகச் சிறந்த, மிக வீரமுள்ள வேந்தர்களுக்கு.'
ஆள் போன இடத்தில் அடைமொழியை நட்டார்கள்.

ஏறி அதைச் செய்தவன் யார்?
இந்தக் கல்லில் அவனுக்கு வரி இல்லை.
நானே பெயர் வைத்தேன், ஹெர்மெரோஸ் என்று.
ஒன்பது வருடம் முன்பு
இதே எழுத்துகளை அடித்தவனும் அவன்தான்
என்றும் வைத்துக்கொண்டேன்.
தெற்குத் தூண்சுவருக்குள் ஒளிந்திருக்கும் இருட்டுப் படியில்
தோள் உரச ஏறி
மேல் அறைகளைக் கடந்து
கயிற்றில் இறங்கியிருப்பான்.
தன் முளையைத் தானே நெம்புவது கடினம்;
நன்றாக அடித்திருந்தால் இன்னும் கடினம்.

கீழே கண்காணி தராசோடு காத்திருப்பான்.
ஒரு முளைகூட வீட்டுக்குப் போகக் கூடாதே.
பெயரைத் தட்டில் கொட்டி நிறுத்தான்.
இத்தனை ராத்தல் இளவரசன்.
அதையே உருக்கிப் புதுச் சொற்களை வார்த்தார்கள்.

இரவு மனைவி கிரெஸ்தே கேட்டாள், இன்று என்ன வேலை?
'ஒரு வரி கோணல். நேராக்கினேன்.'
பருப்புக் கஞ்சியைக் குடித்துவிட்டுப் படுத்தான்.

பழைய துளைகளை மட்டும் அவன் சரியாக அடைக்கவில்லை.
பளிங்குத் தூளும் பிசினும் பூசினான், உதிர்ந்துவிட்டது.
சோம்பலா, துணிச்சலா, கூலி குறைவா?
பதினோரு வாரமாகப் பார்க்கிறேன்,
தீர்மானிக்க முடியவில்லை.

அதற்குப் பிறகு வளைவுக்கு வந்ததெல்லாம் வேறு.
மண் ஏறி இடுப்புவரை புதைந்தது.
தலைமேல் யாரோ காவல்கோபுரம் கட்டினார்கள்.
பக்கவாயிலில் கடை போட்டார்கள்.
வென்றவன் எழுத்தும் களவு போயிற்று,
கொன்றவனும் இன்று வெறும் துளைதான்.

நேற்று மதியம் மழை.
'எர்சிலியா, இறங்கு!' என்று ததேயோ கத்தினான்.
நனைந்த தார்ப்பாய்க்குள் ஒண்டி நின்றேன்.
மழை விட்டதும் கல் உலரத் தொடங்கியது.
முதலில் முகப்பு வெளுத்தது,
பிறகு புதுத் துளைகள்.
பழையவை ஆழம்,
நீரை விடாமல் கறுப்பாய் நின்றன,
வரிசையாக, எழுத்தெழுத்தாக.
நீர்மேல் எழுத்து என்பார்களே,
இங்கே நீரே எழுதியது.
காற்று வந்து அழிக்கும்வரை ஒரு நிமிடம் இருந்திருக்கும்.

ததேயோ கீழிருந்து கேட்டான், 'என்ன படிக்கிறாய்?'
சத்தமாகச் சொன்னேன்.
ஒரு புறா பறந்தது, அவ்வளவுதான்.

இங்கே அதை எழுதப்போவதில்லை.
எழுதினால்
யாராவது ஏணி கொண்டுவருவார்கள்.