மூலையில் இரண்டு எழுத்து

பதினைந்தாம் தேதி. காலை ஆறு இருபது.
குத்தாய்சியில் இன்னும் விடியவில்லை.
ரியோனி ஆற்றிலிருந்து எழுந்த மூடுபனி
ஜன்னலில் ஈரத்துணியாய் ஒட்டிக் கிடக்கிறது.
மூன்று ரொட்டிக் கடைகள், ஒரு மாட்டு வைத்தியர்,
நால்வரின் வரிக் கணக்கும் இன்றைக்குள் போயாக வேண்டும்.
லேப்டாப்பைத் திறந்தேன்.
நீ நீயில்லை என்றது.

விரல் தடுக்கியிருக்கும்.
மறுபடி அடித்தேன், ஒற்றை விரலால்,
வாத்துக்குத் தீனி போடுவதுபோல ஒவ்வொன்றாக:
செத்துப்போன நாயின் பெயர்,
விற்றுவிட்ட வீட்டின் எண்.
பத்துக் கரும்புள்ளி. எண்ணிப் பார்த்தேன், பத்தேதான்.
பாஸ்வேர்டு தவறு.

கேலாவை எழுப்பினேன்.
கொட்டாவிக்கு நடுவே கேட்டான்:
கேப்ஸ் லாக் எரிகிறதா?
இல்லை.
(எங்கள் எழுத்தில் பெரியது சிறியது கிடையாது,
எல்லாம் ஒரே உயரம்.
அந்த விளக்கை மட்டும் நான் எப்போதும் சந்தேகப்படுவேன்.)
நம்பர் லாக்?
எரிகிறது.
அணைத்துப் போடு.
அணைத்துப் போட்டேன்.
முழுசாக நிறுத்திவிட்டு முப்பது எண்ணு, லமாரா அக்கா.
எண்ணினேன்.
அடுப்பில் விறகு வெடித்தது. இருபத்தாறில் காபி பொங்கியது.
உள்ளறையில் ஒதாரின் குறட்டை
ஏறி, இறங்கி, எதையோ யோசித்து நின்று,
மறுபடி ஏறியது.

தவறு.
தவறு.
இனி சற்றுப் பொறுத்திரு என்றது,
ஏதோ நான் கடன் கேட்டு வந்தவள் மாதிரி.

பெட்டி ஓரத்தில் ஒரு கண் இருக்குமே, என்றான் கேலா.
அடித்துவிட்டு அந்தக் கண்ணை அழுத்திப் பிடி.

பிடித்தேன்.
புள்ளிகள் கலைந்தன.
என் நாயின் பெயர் இருக்கவேண்டிய இடத்தில்
வாயில் நுழையாத ஒரு சொல்,
ரஷ்ய எழுத்தில்.
வீட்டு எண் மட்டும் அப்படியே இருந்தது.
எண்ணுக்கு ஏது ஊர்.

திரையின் கீழ்மூலையில்
உளுந்தளவு இரண்டு எழுத்து.
நான் வைத்ததல்ல.

அந்த ஆகஸ்டுக்குப் பிறகு
இந்த வாசலைத் தாண்டி அந்த மொழி வராது என்றவர் ஒதார்.
டிவியில் ஒன்பது சேனலை அழித்தார்.
என் ஊறுகாய்ப் புத்தகம்கூட அடுப்புக்குப் போனது.
ரஸ்தோவில் இருக்கும் அண்ணன் தெங்கிஸின் பெயரை
சாப்பாட்டு மேசையில் யாரும் எடுப்பதில்லை,
உடைந்த தட்டைப் போல.

என்ன ஆச்சு, கிடைத்ததா? என்றான் கேலா.
பூனை மேலே நடந்திருக்கிறது, என்றேன்.
உங்கள் வீட்டில் பூனையே கிடையாதே.
ஜன்னல் வழியாக வந்திருக்கும், என்று வைத்துவிட்டேன்.

இரண்டு விசையைச் சேர்த்து அழுத்தினேன். மூலை மாறியது.
நாயின் பெயர், வீட்டு எண்.
வா என்றது, ஒன்றுமே நடக்காததுபோல.

அவர் மூட மறந்த பக்கம் ஒன்று.
படிக்கக்கூடாது என்று நினைப்பதற்குள்
படித்து முடிந்துவிட்டது, அவ்வளவு சின்னது:
"மிலானா, நான் உன் அப்பாவின் தம்பி"
அதற்கப்புறம் ஒன்றுமில்லை. முற்றுப்புள்ளிகூட இல்லை.
கோடு மட்டும் நின்று நின்று துடித்தது.
அந்தப் பெண்ணுக்குப் பதினொன்று இருக்கும்.
நம் எழுத்தில் அதற்கு ஒன்றும் தெரியாது.

ரொட்டிக் கடைகளின் மாவு, விறகு, சம்பளம்;
வைத்தியரின் பெட்ரோல் ரசீதுகள், சாணம் பட்டவை உட்பட.
பத்து மணிக்குள் நான்கும் போய்ச் சேர்ந்தன.
ஒதார் எழுந்து வந்து
கணக்கு முடிந்ததா என்றார்,
என்னைப் பார்க்காமல், லேப்டாப்பைப் பார்த்து.
முடிந்தது, உங்களுக்கு வேண்டுமா? என்றேன்.
எனக்கெதற்கு, என்று விறகெடுக்கப் போனார்.

மூடுவதற்கு முன்
அதே இரண்டு விசை.
மூலையைப் பழையபடி வைத்தேன்.

நாளையிலிருந்து முதலில் மூலையைப் பார்க்க வேண்டும்.
நாயின் பெயர் அப்புறம்தான்.