இதை வாசிப்பவனுக்காகவும்

செவ்வாய்க்கிழமை கொடியேற்று.
அதற்குள் வெள்ளை அடித்து முடிக்கணும்.
இரண்டு நாள் கூலி ஆயிரத்து எண்ணூறு,
சுண்ணாம்பு கமிட்டிக் கணக்கு.
வாணியக்குடிக் குருசடியின் பின்சுவர்,
கடல் பார்த்த பக்கம்,
அந்தோணியாருக்கு எழுதி எழுதிக் கறுத்துக் கிடக்கிறது.

கரி, ஆணி, கண்மை, பேனா.
பிளஸ் டூ தேர்வு எண் ஒன்று, அதன் கீழே
'கணக்கு மட்டும்.'
'மஸ்கட் விசா. ஜெரால்டு. இந்த வருசமாவது.'
ஒரு வள்ளத்தின் பதிவு எண், ஒக்கி அடித்த தேதி,
வேறொன்றும் இல்லை.
மூன்று திருநாளுக்கு மூன்று முறை மூடியிருக்கிறேன் அதை.
மூன்று முறையும் யாரோ
அதே இடத்தில், அதே சாய்வில்.

கப்பலில் பெயிண்ட் அடித்துத் திரிந்த காலம்,
எஞ்சின் பழுதாகி எகிப்தில் பதினோரு நாள் கிடந்தோம்.
தெற்கே, ஆற்றுக்கு நடுவில் ஒரு கோவிலுக்குக்
கூட்டிப் போனார்கள்.
தூண் தூணாகக் கிறுக்கல்.
கிரேக்க எழுத்தாம். ரோமாக்காரன் ஆண்ட நாளாம்.
தன் இரண்டு பாதத்தையும் கல்லில் சுற்றி வரைந்து
விட்டுப் போயிருந்தான் ஒருத்தன்,
சுண்டுவிரல் வளைவு முதற்கொண்டு.
கூட வந்தவன் விரல் வைத்து வாசித்தான்:
'ஹெர்மியாஸ் வந்தேன்.
அம்மை முன்னே விழுந்து கும்பிட்டேன்,
என் தாய்க்காக, தம்பிமாருக்காக,
கழுதைக்காக,
இதை வாசிப்பவனுக்காகவும்.'

வெயிலில் எனக்குச் சிரிப்பு வந்தது.
பெயர்கூடத் தெரியாது, எனக்கும் சேர்த்துக்
கும்பிட்டு வச்சிருக்கான் மக்கா,
ரெண்டாயிரம் வருசத்துக்கு முன்னாடி.

அதிலிருந்து ஒரு பழக்கம்.
மட்டையைச் சுண்ணாம்பில் முக்கும் முன்
ஒவ்வொன்றையும் வாய்விட்டு வாசித்துவிடுவேன்.
கணக்கு மட்டும். இந்த வருசமாவது.
வள்ளத்தின் எண்ணை ஒவ்வொரு இலக்கமாக.
சொல்லியாச்சு என்றால் மூடலாம்.

இன்று மத்தியானம், தரையோரம்,
குந்தியிருந்து ஆணியால் கீறின நாலு வரி:
'அந்தோணியாரே,
என் சீட்டுப் பணம் ஒன்பதாயிரம் தின்ற
ததேயுஸின் வலது கை விளங்காமல் போகணும்.
பணம் வந்தால் கையை விட்டுவிடும். டெல்பின்.'

ததேயுஸ் நான்தான்.
வலது கை வாளிக்குள் இருந்தது.

சுற்றிலும் ஒரு நாய்தான்.
வாசிக்காமலே அடித்தேன்.
காய்ந்ததும் கீறல் நிழல்போல எழும்பி வந்தது.
இன்னொரு கோட்.
மூன்றாவதில் சுண்ணாம்பு கண்ணில் தெறித்தது.
கண்ணைக் கழுவிவிட்டு வந்து பார்த்தால்
'ததேயுஸின்' மட்டும் தெளிவாக இருக்கிறது.

தொண்டையைச் செருமிக்கொண்டேன்.
மற்றவர்கள் எழுதினதை வாசித்த அதே சத்தத்தில்
'அந்தோணியாரே' என்று தொடங்கினேன்.
என் பெயரைச் சொல்லும்போது
வேறு யாரோ கூப்பிட்ட மாதிரி திரும்பிப் பார்த்தேன்.
கடைசி வரியை மட்டும் இரண்டு தடவை சொன்னேன்.

மீன் ஏலக்கூடத்துக்குப் பின்னால் டெல்பின் வீடு.
இன்றைக்கு ஆயிரத்து எண்ணூறு கையில் வரும்.
இப்படி ஐந்து சுவர் வேணும்.
இடது கையால் கொடுத்தால் கோபப்படுவாளா
என்று யோசித்தபடி
வாளியைக் கழுவிக் கவிழ்த்தேன்.